இடுப்பில் ஒரு கோடு

பெரிய மாமாவை இடுப்போடு இரண்டாக அறுத்து வைத்துவிட்டு, அக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். மேல்பாதி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. கீழ்ப்பாதி சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே இருந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க மாமா, இதோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே, நீளக் கைப்பிடி வைத்த ஒரு சின்னக் கரண்டியை மார்புக்குள் விட்டு, ஐஸ்கிரீம் அள்ளுகிற மாதிரி உள்ளே இருந்த மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வெளியே போட்டாள். மாமா, அதாவது உயிரோடும் உடல்நலத்தோடும் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற அசல் மாமா, எதிர் நாற்காலியில் அமர்ந்து, தன் குடலும் ஈரலும் பழைய செய்தித்தாளில் குவிவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு கோரிக்கை.

"தொப்பையிலயும் கொஞ்சம் எடுத்துடும்மா."

"தொப்பை வெளியில இருக்கு மாமா. நான் எடுக்கிறது உள்ள."

இதில் கொடூரம் எதுவும் கிடையாது. சூளையின் சட்டம் அப்படி. கட்டைவிரல் கனத்துக்கு மேல் மண் இருந்தால், நடுவில் பதுங்கியிருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழி தெரியாமல், ஆளையே வெடிக்க வைத்துவிடும். ஆகவே இந்த வீட்டு உறவினர்கள் அனைவரும் முதலில் கெட்டியாகப் பிறக்கிறார்கள். சோப்புக்கட்டி அளவுக்கு இறுகியதும் கம்பியால் அறுபடுகிறார்கள், குடையப்படுகிறார்கள், மண்குழம்பு தடவி ஒட்டப்படுகிறார்கள், ஆவி போக எங்காவது ஒரு ஓட்டையும் வாங்கிக்கொண்டு நெருப்புக்குப் போகிறார்கள். மனித வாழ்க்கையிலும் ஏறக்குறைய இதே வரிசைதான் என்று மாமா அன்று ஒரு தத்துவம் உதிர்த்தார். அக்கா தத்துவத்துக்கு மயங்குகிற ஆள் இல்லை. அவள் கவனமெல்லாம் கோட்டின் மேல் இருந்தது.

கோடு என்பது இது: அறுப்பதற்கு முன், அறுக்கப்போகிற இடத்தைக் கடந்து மேலிருந்து கீழாக ஊசி முனையால் ஒரு மெல்லிய கீறல் போட்டுக்கொள்வாள். அறுத்த பிறகு கீறலின் பாதி மேல் உடம்போடு போய்விடும். பாதி கீழே நிற்கும். ஒட்டும்போது இரண்டும் மறுபடி ஒரே கோடாகச் சேர்ந்தால்தான் ஆள் இருந்தபடி இருக்கிறார் என்று பொருள். மயிரிழை தப்பினாலும் பிய்த்துவிட்டு மறுபடி ஒட்டுவாள். மாமா அன்று இருமுறை பிய்க்கப்பட்டார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லி, அசல் மாமா இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தார்.

மயிரிழை அவளுக்குப் பிழைப்பு. பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பீங்கான் பல் செய்து கொடுக்கும் லேபில் வேலை. அரிசி அளவு மாவை அச்சின் மேல் தூரிகையால் வைத்து, கைப்பெட்டி அளவே உள்ள ஒரு சூளையில் வேகவைத்து, பக்கத்துப் பல்லுக்குப் பொறாமை வராத நிறத்தில் எடுத்துக் கொடுப்பாள். தெருவில் அவள் பெயர் பல்லுக்கார அக்கா. அவளிடம் பேசுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவள் கண்ணைப் பார்க்க மாட்டாள், வாயைப் பார்ப்பாள். எதிர் வீட்டுப் பெரியவர் ஒருவர், இந்த வயதிலும் என் பல் அத்தனையும் சொந்தப் பல் என்று மாடிப்படியில் நின்று பெருமையடித்தபோது, அக்கா மிகுந்த மரியாதையோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அவருடைய முன்பற்கள் நான்கும் அவள் கையால் வெந்தவை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம், "நாலும் நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னாள், வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்களைப் பார்த்துவிட்டு வந்தவள்போல.

லேப் வேலை முடிந்து வந்தால் மண். சாப்பாட்டு மேசையின் முக்கால் பாகம் உறவினர்களுக்கு, கால் பாகம் கணவருக்கு. ஈரம் போகாமல் இருக்கப் பாதி முடிந்த உருவங்களைப் பிளாஸ்டிக் பையால் மூடி, தலைக்கு ஈரத்துணி போட்டு வைத்திருப்பதால், முதல் தடவை வருகிறவர்கள் இதை ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு இவ்வளவு சொல்தான் என்று மேலிடத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டு பிறந்தவர். தட்டோடு வந்து நின்று, "இன்னிக்கு யார் பக்கத்துல?" என்று கேட்பார். அக்கா இடம் காட்டுவாள். ஈரத்துணி போட்ட ஓர் அத்தைக்கும் கை ஒட்டக் காத்திருக்கும் ஒரு சித்தப்பாவுக்கும் நடுவில் அவர் அமைதியாகச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். சித்தப்பா மேல் ஒரு பருக்கைகூடப் பட்டது கிடையாது.

அவள் செய்வது பொம்மை அல்ல, நடந்த சம்பவம். ஒவ்வொரு சம்பவத்தின் அடியிலும் அதன் பெயரைக் கீறி வைப்பாள். 'மாமா எனக்குச் சைக்கிள் கற்றுத் தந்த நாள்' என்பதில் சைக்கிள் மேல் இருப்பவர் மாமா. கீழே சாக்கடைக்குள் பாதி இறங்கியிருப்பது சைக்கிளின் முன்சக்கரம். கற்றுக்கொள்ள வேண்டிய சிறுமி ஓரமாக நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். 'சித்தி போன் வரும் என்று உட்கார்ந்திருந்தது' என்பதில் ஒரு சித்தியும் ஒரு போனும் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் சித்தி உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் நான்கு காலும் தரையில் வேர் விட்டிருக்கும். நிறம் பூசுவதற்கு லேபிலிருந்து கழித்துப்போட்ட பல்நிற அட்டை ஒன்று வைத்திருக்கிறாள். எனவே அவள் குடும்பத்தின் சந்தோஷங்கள் பால்பல்லின் வெள்ளை. ஏமாற்றங்கள் டீ குடிக்கிறவர்களின் மஞ்சள். கோபமெல்லாம் சிகரெட் பழுப்பு. ஓவியக் கல்லூரியில் படித்த ஒருவர் இந்த நிறக் கட்டுப்பாட்டைக் கண்டு வியந்து, எங்கிருந்து இந்தச் சிந்தனை என்று கேட்டார். "அட்டையில அவ்வளவுதான் இருக்கு" என்றாள் அக்கா.

உறவுக்காரர்களுக்கு நிறம் பொருட்டல்ல. அவர்கள் தேடுவது ஓட்டையை. ஆவி போகிற ஓட்டையை யாருக்கு எங்கே வைக்கிறாள் என்பதை வைத்து அக்கா தங்களைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது குடும்பத்தின் ஒருமித்த கருத்து. பெரியப்பா மகன் அண்ணனுக்கு வாயில். அதை அவர் பேச்சுத்திறமைக்குக் கிடைத்த பட்டமாக எடுத்துக்கொண்டார். அண்ணி வேறு மாதிரி எடுத்துக்கொண்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்தாள். அந்தப் போன் சித்திக்குக் காதில். மாமாவுக்குச் சைக்கிள் சீட்டின் அடியில் வைத்ததை, நல்லவேளையாக, மாமா இன்னும் குனிந்து பார்க்கவில்லை. கணவருக்குச் சட்டைப்பையில். ஸ்குரூ, டிக்கெட், மூக்குக்கண்ணாடி, சொல்லாமல் விட்ட வார்த்தைகள் எல்லாம் போட்டு வைக்கிற இடம் அதுதான் என்று காரணமும் சொன்னாள். மறுநாள் வேலைக்குப் போகும்போது அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே படி இறங்கினார்.

அப்பாவுக்கு மட்டும் ஓட்டையே தேவைப்படவில்லை. அப்பாவை அவள் ஒரு ஜோடி ஷூவாகத்தான் செய்திருக்கிறாள். வாசலில் கிடந்தால் வீட்டில் இருக்கிறார், இல்லாவிட்டால் இல்லை. ஷூவுக்கு வாய் எப்போதும் திறந்தே இருக்கும்.

சிக்கல் அம்மாவிடம் வந்தது.

சம்பவம் சின்னது. அக்கா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில், தங்கை இன்னும் போகாத வயதில், ஒரு நாள் காலை அப்பாவின் ஷூ வாசலை விட்டுப் போனதும், அம்மா பரண் மேலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். பித்தளைப் பூட்டு வைத்த பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு போய் வெளிக்கேட்டை ஒட்டிப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள். மதியம் சாயும்வரை உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, பெட்டியைப் பழையபடி பரணில் ஏற்றிவிட்டு, வெங்காயம் நறுக்கினாள். அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கே, அக்கா சொல்லித்தான் தெரியும். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே வாழ்ந்து, பேசாமலே போயும் சேர்ந்தாள். சாட்சிகள் இருவர்தான்: அக்காவும் தங்கையும்.

சாட்சிகள் இருவரும் அம்மா எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள் என்பதில் முரண்பட்டார்கள்.

தெருவைப் பார்த்து என்றாள் அக்கா. அவள் செய்த உருவத்தில் அம்மா வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி மேல் இருந்தாள். முதுகென்றால் அப்படி ஒரு முதுகு: தோள்பட்டையின் இறக்கம், கழுத்தோரம் அவிழ்ந்த முடி, உடையின் ஒவ்வொரு மடிப்பு, எல்லாம் உயிரோடு இருந்தன. தங்கை ஒரு மாலையில் அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில், அம்மா வீட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள் என்றாள். நீ சின்னப் பிள்ளை, உனக்கு என்ன தெரியும் என்றாள் அக்கா. எனக்கு அம்மாவைத் தெரியும் என்றாள் தங்கை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதிலும் கட்சி பிரிந்தது. துணிமணி என்றாள் அக்கா. காலிப் பெட்டி, சும்மா உட்கார ஒரு இடம் என்றாள் தங்கை. கடைசியில் தங்கை சொன்ன ஒரு வாக்கியத்தோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

"நம்மள விட்டுட்டுப் போக உக்காந்திருந்தான்னு நீ ஊருக்கே பொம்மை செஞ்சு காட்டப்போறியா?"

மாமா கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் வழக்கு அவரிடம் போனது. இரு தரப்பையும் தனித்தனியே விசாரித்த அவர், சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் வழக்கைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்துவிட்டு, இரண்டு வீட்டிலும் டீ குடித்தார். அக்காளும் தங்கையும் பேசுவதை நிறுத்தினார்கள்.

நிறுத்துவது அவ்வளவு எளிதாக இல்லை. அக்கா நான்காம் மாடி. தங்கையின் தையல்கடையும் அதன் பின்னாலேயே வீடும் அதே கட்டடத்தின் தரைத்தளம். அதனால் கணவரே லிஃப்ட் ஆனார். "கீழ அவளுக்கு ஜுரமாம், மாத்திரை இருக்கான்னு கேளுங்க" என்று இறங்குவார். "மாத்திரை இருக்குன்னு சொல்லுங்க அத்தான், கேட்டது யாருன்னு எனக்குத் தெரியாது" என்று ஏறுவார். கட்டடத்தின் அசல் லிஃப்ட் பழுதாகிக் கிடந்த மழைக்காலம் முழுக்க இந்த லிஃப்ட் ஒரு நாளும் நிற்கவில்லை.

இதற்கிடையில் அம்மா இருமுறை வெடித்தாள்.

ஊர் ஓரத்தில் பூந்தொட்டியும் கோப்பையும் சுடுகிற சூளைக்காரர் ஒருவர், தன் மின்சூளையில் ஒரு தட்டை அக்காவின் உறவினர்களுக்கு ஒதுக்கியிருந்தார். முதல் முறை அம்மா வெடித்ததில் ஒரு டீக்கடைக்காரரின் கோப்பைகள் பாதி போயின. போதுமான அளவு காயவில்லை என்று அக்கா சொன்னாள். மறுபடி செய்து, வெயிலில் வைத்து, நிழலில் வைத்து, லேபின் உலர்த்தும் அடுப்பருகே வைத்து, எலும்பாய்க் காய்ந்த பிறகு கொண்டுபோனாள். அதுவும் வெடித்தது. சூளைக்காரர் சில்லுகளைப் பொறுக்கி மேசையில் பரப்பினார். ஒரு சில்லைத் திருப்பிப் பார்த்தார். அவர் கட்டைவிரலைப்போல் நான்கு மடங்கு கனம்.

"ஏம்மா, நீங்க இவங்களைக் குடையவே இல்லையா?"

அக்கா அந்தச் சில்லை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டு தடவை இடம் குடுத்தாச்சு. ரெண்டு தடவையும் வெடிச்சுட்டாங்க. அம்மா ரொம்பக் கோபக்காரங்களோ?"

"வெடிச்சதே இல்லைங்க" என்றாள் அக்கா. "ஒரு தடவைகூட."

சூளைக்காரர் கொஞ்ச நேரம் சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். நல்ல மனிதர்தான், இருந்தாலும் கோப்பைக்காரரிடம் வாங்கிய வசவு இன்னும் காதில் இருந்தது. உள்ளே விரல் விட்டுப் பார்த்து, குடைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் இனி அம்மாவை ஏற்றுவேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

மாமாவை அறுத்தவள், அண்ணனை அறுத்தவள், சொந்தக் கணவரைத் தோளோடு சாய்வாக அறுத்து, "இப்பத்தான் உங்க உள்ளத்தைப் பார்த்தேன்" என்று கேலி பேசியவள், அம்மாவுக்கு முன்னால் கம்பியோடு உட்கார்ந்தால் கை நகரவில்லை. மூன்றாவது அம்மாவும் உருவாகி, சோப்புக்கட்டிப் பதத்துக்கு வந்து, ஈரத்துணிக்குள் காத்திருந்தாள். அக்கா தினமும் லேபிலிருந்து வந்து துணியை விலக்குவாள். இடுப்பில் கோடு கீறியாகிவிட்டது. கம்பியை எடுப்பாள். வைத்துவிட்டுக் கழுத்தோர முடியில் ஒரு கீற்றைச் சரிசெய்வாள். துணியை நனைத்து மறுபடி மூடுவாள். இப்படியே விட்டால், உறவினர்களிலேயே அம்மா ஒருத்திதான் என்றென்றும் ஈரமாகவே இருக்கப்போகிறாள் என்று தோன்றியது.

அந்தச் சமயம் பார்த்துக் கீழிருந்து செய்தி ஏறி வந்தது. தங்கையின் கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றல். கடையைக் கட்டிவிட்டு, மாதக் கடைசியில் குடும்பத்தோடு புறப்படுகிறார்கள். கணவர் இதைச் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வழக்கம்போல, "யார் பக்கத்துல?" என்று கேட்டார். அக்கா இடம் காட்ட மறந்தாள்.

சற்றுப் பொறுத்து ஒரு செய்தியை இறக்கி அனுப்பினாள்: போகும்போது அம்மாவைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். பதில் உடனே ஏறி வந்தது: தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அம்மாவை நான் எந்த ஊருக்கும் கொண்டுபோக மாட்டேன். அக்கா மேலே ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து பிழிந்தாள்.

கணவர் மறுநாள், யாரும் அனுப்பாமலே, கீழே இறங்கினார். தங்கை ஒரு சட்டையின் தையலைப் பிரித்துப்போட்டு, சாக்கட்டியால் குறி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்று, அந்த வருடத்திலேயே நீளமான தம் வாக்கியத்தைச் சொன்னார்.

"பொம்மை எந்தப் பக்கம் பார்க்குதுன்னு நீங்க ரெண்டு பேரும் அப்புறம் சண்டை போடுங்க, ஆனா உங்கக்காவால அம்மாவ அறுக்க முடியல, தினம் துணிய எடுத்துப் பார்த்துட்டு மூடிடறா."

சொல்லிவிட்டு, செலவான சொற்களை நினைத்துத் திகைத்தவர்போல் சற்று நின்றார். தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

நான்கு மாடியும் படியேறி, கழுத்தில் அளவு டேப்போடும் மூச்சிரைப்போடும் அவள் வந்து நின்றபோது, அக்கா மேசை மூலையில் ஒற்றை ஸ்டூலில் உட்கார்ந்து அம்மாவின் துணியை விலக்கிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வழக்கம்போல் அக்கா வாயைத்தான் பார்த்தாள்.

"கீழ வரிசையில ஒண்ணு உடைஞ்சிருக்கு" என்றாள்.

"போன மாசம் உடைஞ்சுது. யார்கிட்ட சொல்றது?" என்றாள் தங்கை. பிறகு, "தள்ளு" என்றாள்.

அக்கா ஸ்டூலை விட்டு எழுந்தாள். தங்கை உட்கார்ந்து, அம்மாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், அளவு எடுக்க வந்த வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல. முதுகில் வெகுநேரம் நின்றது பார்வை. பிறகு முன்பக்கம் திருப்பினாள்.

"முதுகு அம்மா. முகம் யாரு?"

உண்மைதான். முகத்தில் கண், மூக்கு, உதடு எல்லாம் அளவாக, சரியாக, அடையாள அட்டைப் படம் மாதிரி இருந்தன. கடைசிக் காலத்தில் அம்மா போட்டிருந்த பல்செட்டைக்கூடச் செய்து கொடுத்தவள் அக்காதான். அந்த வாயின் அளவு இன்றும் அவள் கையில் இருக்கிறது. இருந்தும் முகம் மட்டும் வரவில்லை.

"நான் முகத்தைப் பார்க்கல" என்றாள் அக்கா. "ஜன்னல்ல நின்னேன். முதுகுதான் தெரிஞ்சுது. எப்ப எந்திரிச்சுக் கேட்டைத் திறப்பாளோன்னு இருந்துச்சு. பார்க்க முடியாம ஜன்னலைச் சாத்திட்டு உள்ள போய்ப் படுத்துட்டேன். அப்புறம் வெங்காயம் நறுக்கற சத்தம்தான் கேட்டுச்சு."

தங்கை கம்பியை எடுத்தாள். இரண்டு முனையிலும் மரக்கட்டை கட்டிய மெல்லிய கம்பி. ஒரு முனையை அக்காவிடம் நீட்டினாள். நாளெல்லாம் துணியை வெட்டி, வெட்டியதை இணைத்து, அதையே உடை என்று விற்கிறவளுக்கு வெட்டுவதில் பயம் இல்லை. "கண்ணை மூடிக்கோ. இழுன்னா இழு" என்றாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கம்பி அம்மாவின் இடுப்பில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்தது. எந்தச் சத்தமும் இல்லை.

மேல்பாதியைத் தங்கை மடியில் போட்டுக்கொண்டாள். கீழ்ப்பாதியை, பெட்டியோடு, அக்கா எடுத்துக்கொண்டாள். மாமாவிடமும் அண்ணனிடமும் பேசுகிற மாதிரி, பொறுத்துக்கோ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருவரும் கரண்டியால் சுரண்டத் தொடங்கினார்கள். இடுப்பு வழியாகப் பெட்டிக்குள் இறங்கி, பெட்டியையும் குடைந்தாள் அக்கா. மண் சுருள் சுருளாகச் செய்தித்தாளில் விழுந்தது. கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, டீ போடப் போனார்.

பாதி வேலையில் தங்கை தலை நிமிராமல் பேசினாள்.

"நான் தூங்கி எந்திரிச்சு வந்தேன். பக்கத்துல அம்மாவக் காணோம். வாசல்ல வந்து நின்னு, பசிக்குதுன்னு கத்தினேன்."

அக்காவின் கரண்டி நின்றது.

"அம்மா அப்படியே திரும்பினா" என்றாள் தங்கை. "எந்திரிக்கல. அப்படியே, உக்காந்தபடியே. ரொம்ப நேரம் என்னையே பார்த்தா. எனக்கு அதான் தெரியும். அதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் பார்த்தாளோ, எனக்குத் தெரியாது."

அக்காவின் கரண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. டீ வந்தது, ஆறியது. அக்கா பழைய பல்துலக்கியால் இரண்டு பாதியின் விளிம்பையும் கீறிச் சொரசொரப்பாக்கி, மண்குழம்பு தடவிக் கொடுத்தாள். தங்கை மேல்பாதியை இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையை நாற்காலியில் உட்கார வைக்கிற பதனத்தோடு, கீழ்ப்பாதியின் மேல் இறக்கினாள். உடனே கையை எடுக்கவில்லை. தோளைப் பிடித்தபடி மெதுவாக, வீட்டின் பக்கமாகத் திருப்பினாள். பிறகு கன்னத்தில் கட்டைவிரலை வைத்து இலேசாக அழுத்தினாள். கீழுதட்டை ஒரு நகமளவு தளர்த்தினாள். முட்டியும் பாதமும் தெருவைப் பார்த்திருக்க, பெட்டி மேல் உட்கார்ந்தபடியே, யாரோ கூப்பிட்டதுபோல் அம்மா திரும்பியிருந்தாள்.

இடுப்பில் கீறிய கோடு தப்பிவிட்டது. கீழ்க்கோடு ஓரிடத்தில் நின்றது. மேல்கோடு விலா வரைக்கும் போய்விட்டிருந்தது. அக்கா அதைப் பார்த்தாள். லேபில் இதில் நூறில் ஒரு பங்கு விலகினாலும் பல்லை உடைத்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவள். கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்தாள். கீழ்க்கோட்டைத் தடவி அழித்தாள். மேல்கோட்டையும் தடவி அழித்தாள். பிறகு ஒட்டிய இடத்தைச் சுற்றி, துணி மடிப்பு விழுகிற திசையிலேயே, தழும்பு தெரியாமல் விரலால் இழைத்துக்கொண்டே போனாள்.

"ஓட்டை எங்க வைக்கிறது?" என்று கேட்டாள், தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒருவரிடம்.

தங்கை யோசித்தாள். வாயைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டாள். பல் குடைகிற பழைய கம்பி ஒன்றை மேசையிலிருந்து எடுத்து, பெட்டியின் பித்தளைப் பூட்டு இருந்த இடத்தில், சாவித் துவாரத்தில் வைத்து, திருகித் திருகி உள்ளே செலுத்தினாள். கம்பி கெட்டி மண்ணைத் தாண்டியதும் வெறுமைக்குள் சரேலென்று போனது. துவாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி, விளிம்பில் ஒட்டியிருந்த துகளை ஊதினாள்.

பிறகு குனிந்து, ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணைச் சாவித் துவாரத்தில் வைத்து, பெட்டிக்குள் பார்த்தாள். அக்கா பின்னால் நின்று காத்திருந்தாள். தங்கை துவாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, ஸ்டூலில் சற்று நகர்ந்து, பாதி இடம் விட்டாள்.